இடது சக்கரத்துச் சத்தம்

என் மகனிடம் ஒரு ஜீப்பு இருக்கிறது. செய்த கம்பெனிக்காரர்கள் அதற்கு வேறு பேர் வைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் பெரிய சக்கரமும் உயரமான உடம்பும் உள்ள வண்டி எல்லாவற்றுக்கும் ஜீப்பு என்றுதான் பேர். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட வருஷம், ஆற்றோரமாக இருந்த சிநேகிதன் வீட்டுக்கு உதவிக்குப் போனவன், தெருவில் நின்ற சின்னக் கார்கள் தண்ணீரில் மிதந்ததைப் பார்த்துவிட்டு வந்தான். வாங்கினால் மேடு பள்ளம் தண்ணீர் எல்லாவற்றிலும் ஏறிப் போகிற வண்டியாகத்தான் வாங்குவேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டான். சொன்னபடியே வாங்கினான்.

அதில் ஏறுவதுதான் எனக்குப் பெரும்பாடு. முட்டி மடங்காது. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை வண்டியிலேயே வைத்திருக்கிறான். அதைக் கீழே போட்டு, என் கையைப் பிடித்து, ஒரு தூக்குத் தூக்கி உள்ளே உட்காரவைப்பான். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்க்கும். புடவையைப் பிடிப்பதா கம்பியைப் பிடிப்பதா என்று தெரியாமல் நான் கூனிக்குறுகிப் போவேன். நாலு பேர் பார்க்க எதையும் செய்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியபோது வாத்தியார் முன்னால் எழுந்து நிற்க வேண்டாமே என்று சந்தோஷப்பட்டவள் நான்.

வண்டி வந்து பல வருஷம் ஆகிவிட்டது. அது கெட்டுப்போனதையும் அவன் அதைச் சொன்ன விதத்தையும் நான் கூடவே இருந்து பார்த்தேன். முதல் மழைக்காலத்திலேயே மேலே இருந்து தண்ணீர் ஒழுகி என் தோளில் சொட்டியது. ரப்பர் காய்ந்துவிட்டது என்று சொல்லி ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தான். அந்தத் துண்டு இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. ரப்பரை மாற்றவில்லை. காலையில் இரண்டாவது கியர் விழாது, அடம் பிடிக்கும். சூடு ஏறட்டும் என்பான். கதவு கீல் துருப்பிடித்து, சாத்தும்போது கோழி மிதிபட்ட மாதிரி கத்தும். அதற்கும் ஒன்றே பதில்தான்.

"ஜீப்புன்னா அப்டிதாம்மா. இது காரு இல்ல."

ஒருமுறை வாலாஜாபாத் சாலையில் நடு ரோட்டில் நின்றே போய்விட்டது. லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அந்தக் கதையை சிநேகிதர்களிடம் சொல்லும்போது அவன் வண்டி நின்றதைச் சொல்லவில்லை. எவ்வளவு கனம் தெரியுமா, லாரியே திணறிவிட்டது என்று பெருமையாகச் சொன்னான்.

அந்த சிநேகிதர்களும் அப்படித்தான். எல்லாரிடமும் இதே மாதிரி வண்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கல் எடுத்து முடித்துப் போட்ட குவாரிப் பள்ளத்துக்குப் போவார்கள். சேற்றிலும் கல்லிலும் ஏற்றி இறக்கி விளையாடிவிட்டு, வண்டியெல்லாம் மண்ணாக எங்கள் வாசலுக்கு வருவார்கள். நான் டீ போட்டு ஜன்னல் வழியாகக் கொடுப்பேன். உன் வண்டி எப்படி மச்சான் என்று ஒருவன் கேட்பான். ஒரு பிரச்சனையும் இல்லை, க்ளட்ச் மட்டும் இரண்டு வாட்டி மாற்றினேன் என்று இன்னொருவன் சொல்வான். ஸ்டியரிங் கொஞ்சம் இடது பக்கம் இழுக்கும், அதுவும் பழகிவிட்டது என்று மூன்றாமவன் சொல்வான். கேட்டுக்கொண்டே நிற்பேன். வீடு வந்து சேர்ந்துவிட்டால் அவர்களுக்கு அது பிரச்சனையில் சேராது என்று புரிந்துகொண்டேன். எங்கள் எதிர்வீட்டுக்காரர் சின்னக் காருக்குள் எங்கோ லேசாக டிக் டிக் என்கிறது என்று சர்வீஸுக்கு நடையாய் நடந்தார். அவரைப் பார்த்து இவர்கள் சிரிப்பார்கள்.

என் மகன் சிரிப்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கும். ஏனென்றால் அந்த டிக் டிக்கைக் கண்டுபிடிப்பதுதான் அவனுக்கு வேலை.

ஒரகடம் பக்கம் வண்டி செய்கிற கம்பெனி ஒன்றில் இருக்கிறான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தகரத்தை அழுத்திக் கதவாகவும் கூரையாகவும் ஆக்குகிற பிரஸ்ஸில் போட்டார்கள். அந்த மிஷின் விழும்போது வெளியே ரோட்டில் நிற்பவர்களுக்கே உள்ளங்காலில் தெரியும் என்பான். காதில் வைக்கப் பஞ்சு மாதிரி ஒன்று கொடுத்திருந்தார்கள். அதை வைத்தால் வேர்த்து அரிக்கும், பக்கத்தில் இருப்பவன் கூப்பிட்டால் கேட்காது. அதனால் எல்லாப் பிள்ளைகளும் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சூப்பர்வைசர் தலை தெரியும்போது மட்டும் காதில் செருகுவார்களாம். துவைக்கும்போது பையிலிருந்து அந்தப் பஞ்சை எடுத்துப் பத்திரமாக ஜன்னலில் வைத்தவள் நான்தான். புதிதாகவே இருக்கும்.

பல வருஷம் அங்கே இருந்தான். தோள்பட்டை வலி வந்த பிறகு வண்டி பூட்டுகிற லைனின் கடைசிக்கு மாற்றினார்கள். செய்து முடித்த வண்டியை ஒரு கொட்டகைக்குள் மேடு மேடாக இரும்பு பதித்த தரையில் ஓட்டி, எங்கே என்ன சத்தம் வருகிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். சீட்டுக்கு அடியில் ஒரு திருகு தளர்ந்திருந்தாலும் சொல்லிவிடுவான் என்று பேர் வாங்கினான். அந்த வேலை கிடைத்த பிறகுதான் அவனுக்கு முகத்தில் களை வந்தது. கல்யாணமும் ஆனது. மருமகள் திருநெல்வேலிப் பக்கம். செல்போன் தயாரிக்கிற கம்பெனிக்கு வேலைக்கு வந்து, ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டலில் இருந்த பெண். தானாகவே பார்த்துக் கட்டிக்கொண்டான். நல்ல பெண். வாய் மட்டும் அதிகம்.

மணிமங்கலத்தில் என் தங்கை இருக்கிறாள். கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து அவளால் எங்கும் வர முடியாது. வாரத்தில் ஒரு நாள் மகன் என்னைக் கொண்டுபோய் விடுவான். முன் சீட்டில் உட்காருவேன். ஏசி முட்டியைப் பிடிக்கும் என்பதால் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொள்வேன். அப்படிப் போகும்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். வேகத்தடைக்காக வண்டி மெதுவாகும்போது என் பக்கத்துச் சக்கரத்திலிருந்து கீ என்று மெலிசாக வந்தது. தகரத்தில் ஊசியால் கோடு போட்ட மாதிரி. பல் கூசியது.

அன்றைக்குச் சொல்லவில்லை. வண்டியைப் பற்றி நான் என்ன சொல்வது. அடுத்த வாரமும் வந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் நீளமாக வந்தது. தைரியம் வரவழைத்துக்கொண்டு சொன்னேன். அவன் வண்டியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டைக் குறைத்தான். பிரேக்கை இரண்டு முறை அழுத்தினான். எனக்குப் பல் கூசியது.

"இன்னா சத்தம்? ஒண்ணும் வரலையே."

"இப்ப கூட வந்துச்சுப்பா."

"இந்த வண்டிய பத்தி எனக்குத் தெரியாதா? ஸ்டியரிங்கப் புடிச்சாலே சொல்லிடுவேன்."

அது பொய் இல்லை. கீழே தடதடவென்று எது ஆடினாலும் கையாலும் காலாலும் கண்டுபிடித்துவிடுவான். அதனால் எனக்கே சந்தேகம் வந்தது. மருமகளிடம் கேட்டேன். அவள் எப்போதோ ஒருநாள்தான் அந்த வண்டியில் போவாள்.

"எனக்குப் பாட்டுதான் கேக்கு அத்தை. ஒங்க மவன் வைக்கிற சத்தத்துல இடி விழுந்தாலும் தெரியாது. அந்த வண்டிய குத்தம் சொல்லாதீங்க, அதுதான் மூத்தாள், நான் ரெண்டாந்தாரம்."

நான் விட்டிருக்கலாம். ஆனால் பிரேக் என்றால் எனக்கும் தெரியும். அந்தச் சாலையில் கண்டெய்னர் லாரி ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். ஒவ்வொரு முறை அவன் காலை அழுத்தும்போதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். மறுபடி சொன்னேன், மறுபடி சொன்னேன். அவனுக்குக் கோபம் வரவில்லை. அதைவிட மோசமாக, என் மேல் கவலை வந்தது. வயதானவர்களுக்குக் காதுக்குள்ளேயே இல்லாத சத்தம் வரும், கவனிக்காமல் விட்டால் தலைசுற்றலாகிவிடும் என்று கம்பெனியில் யாரோ சொன்னார்களாம். ஸ்ரீபெரும்புதூரில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். அந்த ஜீப்பிலேயே போனோம். வழி முழுக்க அது கத்திக்கொண்டே வந்தது.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பரிசோதனை செய்து வரச் சொன்னார். சின்ன அறை. சுவரெல்லாம் மெத்தை மாதிரி. தனியாக உள்ளே போகப் பயமாக இருந்ததால் மகனையும் வரச் சொன்னேன். மூலையில் உட்கார்ந்தான். அங்கே இருந்த பெண் காதில் மாட்டுகிற கருவியை வைத்தாள். அது என் கம்மலை அழுத்தியது. கம்மலைக் கழற்றச் சொன்னாள். என் திருகாணி இறுகிப்போய் வருஷக்கணக்காகிவிட்டது. அவள் திருகிப் பார்த்தாள், மகன் எழுந்து வந்து திருகிப் பார்த்தான். காது சிவந்ததுதான் மிச்சம். பரவாயில்லை பாட்டி, இன்றைக்கு ஸ்பீக்கர் பெட்டியிலேயே சத்தம் போட்டு ஓரளவு பார்த்துவிடலாம், சரியான கணக்குக்குக் கம்மலைக் கழற்றிக்கொண்டு இன்னொரு நாள் வாருங்கள் என்றாள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும், கேட்காவிட்டால் தூக்கக் கூடாது. அவ்வளவுதான்.

முதலில் தடிமனான சத்தம் வந்தது, வண்டு மாதிரி. தூக்கினேன். மகனும் மூலையிலிருந்து தலையாட்டினான். கொஞ்சம் மெலிசாக வந்தது. தூக்கினேன். பிறகு அது வந்தது. அந்த இடது சக்கரத்துச் சத்தமேதான், அவ்வளவு மெலிசு. பழகிய சத்தம் என்பதால் சட்டென்று விரலைத் தூக்கிவிட்டேன்.

மகன் மெதுவாகச் சிரித்தான். "யம்மா, சும்மா சும்மா தூக்காத. சத்தம் வந்தா மட்டும் தூக்கு."

அந்தப் பெண் அவனைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி பட்டனை அழுத்தினாள். சத்தம் இன்னும் பலமாக வந்தது. நான் தூக்கினேன்.

"இன்னும் போடவே இல்லம்மா."

"சார், போட்டுகினுதான் இருக்கேன்."

அறை அமைதியாக இருந்தது என்று சொல்ல வந்தேன். அமைதியாக இல்லை. அந்தச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்குக் கேட்டது, எனக்குக் கேட்டது. அவன் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்குக் கேக்கலையா சார்?"

"கேக்குது, கேக்குது," என்றான். அவ்வளவு வேகமாக அவன் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. உங்களுக்கும் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். ஷிப்ட்டுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டான். அன்றைக்கு அவனுக்கு லீவு. எனக்கு வயதுக்குத் தகுந்த குறைச்சல்தான், வேறு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். இருவரும் தலையாட்டிக்கொண்டு வெளியே வந்தோம்.

ஸ்டூலைப் போட்டு என்னைத் தூக்கி உட்காரவைத்தான். அவனும் ஏறினான். வண்டியை எடுக்கவில்லை. வெளியே கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. என்ன கேட்பது, எப்படிக் கேட்பது. என் கண்ணில் அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்த அந்தப் புதுப் பஞ்சுதான் வந்து நின்றது.

அவனாகத்தான் பேசினான். கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்று தெரியும், இவ்வளவு என்று தெரியாது என்றான். கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை காது பார்ப்பார்களாம். அங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸ் உட்கார்ந்து பட்டனை அழுத்துவாளாம். அழுத்தும்போது அவள் தோள் லேசாக அசையும். சந்தேகமாக இருக்கிற இடத்தில் தோளைப் பார்த்துக் கையைத் தூக்கிவிடுவானாம். எல்லாரும் செய்கிறதுதான் என்றான்.

"அந்தச் சத்தம் எப்டிம்மா இருக்கும்?" என்று கேட்டான்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ரோட்டில் ஆள் நடமாட்டம். வெட்கமாக இருந்தது. இருந்தாலும் முகத்தை அவன் பக்கம் திருப்பிக்கொண்டு, கீ என்று மெலிசாக வாயாலேயே செய்து காட்டினேன். அவன் சின்னப் பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்தான். அதுகூட அவனுக்குச் சரியாகக் கேட்டதா என்று தெரியவில்லை.

நேரே மெக்கானிக் கடைக்குப் போனோம். சக்கரத்தைக் கழற்றியவர் உள்ளே பார்த்துவிட்டு எழுந்து நின்றார். பிரேக் கட்டை முழுக்கத் தேய்ந்து, இரும்போடு இரும்பு உரசி, பிரேக் தட்டில் ஆழமாக வரி விழுந்திருந்தது.

"இது ரொம்ப நாளா கத்திகினு இருந்திருக்குமே சார். காதுல வுழலையா?"

"பாட்டு போட்டுனு இருந்தேன்."

மெக்கானிக் சிரித்தார். இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் இப்படித்தான், வண்டி கத்தினால்கூடத் தாலாட்டு என்று நினைத்துக்கொள்வார்கள் என்றார். மகனும் கூடச் சிரித்தான். நல்லவேளை, அந்த மனிதருக்கு அது வழக்கமான விஷயமாகவே தெரிந்தது. நான் மட்டும் தேய்ந்த கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் சொல்லாதே என்றான். சொல்லவில்லை. எனக்குக் காதில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதை மட்டும் மருமகளிடம் சொன்னான். பின்னே அந்தச் சத்தம் என்று கேட்டாள். பிரேக் தேய்ந்திருந்தது, மாற்றியாயிற்று என்றான். பார்த்தீங்களா அத்தை, கடைசியில் நீங்கதான் ஜெயிச்சீங்க என்று சொல்லி என் கன்னத்தைக் கிள்ளினாள். ஜெயித்ததற்கு நான் பட்ட வேதனை எனக்குத்தான் தெரியும்.

சில நாள் கழித்து, அவள் வேலைக்குப் போன பிறகு, அவனிடம் பேசினேன். கம்பெனியில் உண்மையைச் சொல்லிவிடேன் என்றேன்.

"சொன்னா லைன்லேர்ந்து எடுத்துருவாங்கம்மா. திருப்பி பிரஸ்ஸுக்குப் போன்னுவாங்க. இல்லன்னா வூட்டுக்குப் போன்னுவாங்க."

"காதுல வெக்கற மிஷின் விக்கிறாங்களேப்பா."

"மிஷின் மாட்டிகினு சத்தம் கேக்கறவன எவன் வெச்சுப்பான்? சிரிப்பாங்க."

அவனே சிரித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். அவன் ஷிப்ட்டில் பார்த்து அனுப்பிய வண்டிகளில் சிலது சத்தம் வருகிறது என்று திரும்பி வந்திருக்கிறதாம். மெலிசான சத்தங்கள். கண்ணாடி ஓரம் கீச்சிடுவது, கதவு ரப்பர் உரசுவது. இன்சார்ஜ் இன்னும் கேட்கவில்லை, கேட்பார். அதுவரைக்கும் வண்டி வண்டியாகத் தடவிப் பார்க்கிறானாம். விரலை வைத்தால் நடுக்கம் தெரியும், அதை வைத்துக் கொஞ்சம் சமாளிக்கிறானாம்.

"நெறைய பேரு கம்ப்ளெயின்ட்டே பண்ண மாட்டாங்கம்மா. வாங்கி ரெண்டு மாசத்துல சத்தம் பழகிடும்."

இதைச் சொல்லி என்னைத் தேற்றினானா, தன்னைத் தேற்றிக்கொண்டானா, தெரியவில்லை. கம்பெனி வாசல்வரைக்கும்கூட நான் போனதில்லை. அங்கே யாரிடம் என்ன பேசுவது. மருமகளிடம் சொல்லிவிடலாமா என்று எத்தனையோ முறை அடுப்படியில் வாயைத் திறந்திருக்கிறேன். வீட்டுக் கடன், வயிற்றில் இருக்கிற பிள்ளை என்று அவள் பேசிக்கொண்டே போவாள். திறந்த வாயை மூடிக்கொள்வேன். இப்போது ரோட்டில் பெரிய டிரெய்லர் லாரிகளில் புது வண்டிகளை அடுக்கி ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது, இதில் எது இவன் கையைத் தாண்டிப் போனது என்று தோன்றுகிறது. யார் வீட்டு வாசலிலோ போய் நிற்கும். யாரோ ஒருத்தி முன் சீட்டில் உட்காருவாள்.

தங்கை வீட்டுக்குப் போகிற நாளில் அவன் இப்போது பாட்டுப் போடுவதில்லை. வேகத்தடை வந்தால் என்னைப் பார்ப்பான். ஒன்றும் இல்லை என்று தலையாட்டுவேன். கீல் கத்துவதையும் மேலே காற்று விசிலடிப்பதையும் சொல்வதில்லை. அவனுக்கு எது கேட்கும், எது கேட்காது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ள எனக்கு மனசு வரவில்லை.

போன வாரம் கம்பெனியில் காது பார்க்கிற நாள் வந்தது. காலையில் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. மருமகளுக்குக் காரணம் தெரியாது, இட்லி கல்லு மாதிரி ஆகிவிட்டதா என்று கேட்டாள். அன்று முழுக்க நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். பிடிபட்டுவிட்டால் நல்லது என்று ஒரு மனசு நினைத்தது. பிரஸ்ஸும் வேண்டாம், கொட்டகையும் வேண்டாம், மிச்சம் இருக்கிற காதாவது தங்கட்டும் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே, ஐயோ, பிடிபட்டுவிடக் கூடாதே என்று கும்பிட்டேன். சாமிக்கே குழப்பமாகியிருக்கும்.

சாயங்காலம் மைசூர்பாகு டப்பாவோடு வந்தான். எல்லாவற்றிலும் பாஸ் என்றான். காதும் பாஸ்.

"பின்னே? பாம்புக் காதுல்லா ஒங்களுக்கு," என்று மருமகள் டப்பாவைப் பிரித்து அவனுக்கு ஒன்று ஊட்டிவிட்டாள். அடுத்ததை என்னிடம் நீட்டினாள். "நல்ல சேதி அத்தை, சாப்பிடுங்க."

அவன் சட்டை பட்டனைக் கழற்றிக்கொண்டே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்க்கிறான். மைசூர்பாகை அப்படியே முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன். அவன் துண்டை எடுத்துக்கொண்டு முகம் கழுவப் போனான்.